கப்பல்காரருக்கு வந்த மொய்

அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரையாவது விட்டுவிட்டால் பிறகு அதையே நினைத்துக்கொண்டு சோறு இறங்காது எனக்கு. நான், அப்பா, அம்மா, காது குத்திக்கொண்ட தம்பி, அவனை மடியில் வைத்திருந்த மாமா, காது குத்த வந்த ஆசாரி, மொய் நோட்டோடு உட்கார்ந்திருந்த வாத்தியார், மைக்செட்டுக்காரர், கடலைப் பிடித்து ஆட்டுவதற்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர், வெள்ளாடு ஒன்று. விருந்தாளிகளைப் பேர் பேராகச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பாடு முடிந்து மடங்கிய இலை நூற்றெண்பத்து மூன்று. நானே எண்ணினேன். ஒன்பது வயதில் எனக்கு வேறு என்ன வேலை, எண்ணுவதும் பயப்படுவதும்தான்.

சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தம்பிக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை என்று ஊரே கேட்க ஆரம்பித்த பிறகு அப்பா நாள் குறித்தார். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனும் கையை வீசிக்கொண்டு வந்துவிட முடியாது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொட்டுச் சத்தத்தோடு இருபத்தொரு தட்டு சீர் வர வேண்டும். துணி, பழம், வெள்ளி அரைஞாண், தங்கத் தோடு, மாலை போட்ட கிடாய். ஊர் அதை வேடிக்கை பார்க்கும். பார்த்துக்கொண்டே எண்ணவும் செய்யும். எண்ணுகிற பழக்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை.

மாமாவிடம் அப்போது இருபத்தொரு தட்டு என்ன, ஒரு தட்டு வாங்கவும் வழியில்லை. கன்னிவாடியில் தனிக்கட்டையாக இருந்தவர், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் தக்காளியை மொத்தமாகப் பேசி, முன்பணம் கொடுத்து, லாரியில் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். கடன் வாங்கித்தான் முன்பணம். காதுகுத்துக்கு இரண்டு மாதம் முன்னால் விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் காணாமல் ஒரு லாரித் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தார். அவர் போட்ட பணமும் போயிற்று, வாங்கிய பணமும் போயிற்று. கடன்காரர்கள் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போனது இரண்டே சாமான்கள்: காலித் தக்காளிப் பெட்டிகள் கொஞ்சம், அவற்றை மூடுகிற நீலத் தார்ப்பாய் ஒன்று.

"வேணாம் மாப்ளே, ஏவாரம் நமக்கு ஒத்து வராது" என்று அப்பா முன்னாலேயே சொல்லியிருந்தாராம். சொன்னதைக் கேட்கவில்லை என்று மாமாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா அடுப்படியில் நின்று அழுவாள்.

"கையில ஒண்ணுமில்லாம எம் தம்பி எப்புடிங்க மனையில வந்து உக்காருவான்?"

"உக்காரலேன்னா விடு. ஒங்க பெரியப்பா மகன் இருக்கான், அவனை உக்கார வச்சுக்குவோம்."

இதை நானும் கேட்டுவிட்டேன். இன்னொருத்தர் மடியில் தம்பியை உட்காரவைத்துவிட்டால் மாமா பிறகு எங்கள் வீட்டுப் படியே ஏறமாட்டார் என்று தெரியும். அந்த மாதிரிப் போக்குவரத்து நின்றுபோன வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு இருந்தன.

காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமா வந்தார். எப்போதும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், அன்றைக்குப் பஸ்ஸில் வந்தார்.

"வண்டி எங்க மாமா?" என்றேன்.

"அது மேயப் போயிருக்கு தாயி, வந்துரும்" என்றார். அம்மா கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு ஜோடித் தோடு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. "இதுக்கு மேல முடியலக்கா. மிச்சச் சீரை வேற மாதிரிக் கொண்டு வாரேன். எந்தத் தாய்மாமனும் இதுவரைக்கும் கொண்டாராத சீரு."

அக்குளில் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தார். லாரி ஷெட்டில் கிடந்ததாம். அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்துபோனதால் அதன் பெயர் அவருக்கே தெரியாது. கடலில் கப்பல் உடைந்து, ஒரே ஒருத்தன் மட்டும் ஆளில்லாத தீவில் ஒதுங்கி, பல வருஷம் தனியாகவே பிழைத்துக் கிடந்த கதை. மார்க்கெட்டில் லாரி இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஏழெட்டுத் தடவை படித்திருந்தார். நானூறு பக்கத்துக்குக் குறையாது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி அரைமணி நேர நாடகமாகச் சுருக்கி, எங்கள் தெருப் பிள்ளைகளை வைத்துக் காதுகுத்துப் பந்தலில் போடப்போகிறார். அதுதான் சீர்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, ஊரு சிரிக்கும்லே!"

"சிரிக்கட்டும்க்கா. சிரிக்கிறதுக்குத்தேன் போடுறேன்."

மறுநாளிலிருந்து பக்கத்துக் காலிமனையில் ஒத்திகை. மாமா ஒரு நாற்பது பக்க நோட்டில் கதையைச் சுருக்கி எழுதினார். எழுதியதை எங்களிடம் வாசித்துக்காட்டுவார். நாங்கள் கேள்வி கேட்போம். கேள்வி கேட்கக் கேட்கக் கதை மாறிக்கொண்டே போயிற்று.

எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் கண்மாய்த் தண்ணீர்தான், அதுவும் மழைக்காலத்தில். "கப்பல் முங்குனா எந்திரிச்சு நடந்து வர வேண்டியதுதான?" என்று ஒரு பையன் கேட்டான். ஆழம் என்பதைப் புரியவைக்க மாமா எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் தோட்டத்துக் கிணற்றை எட்டிப்பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குப் புதுப் பயம் பிடித்துக்கொண்டது.

"கப்பல்ல மொத்தம் எத்தனை பேரு மாமா?"

"இருப்பாக, ஒரு பதினோரு பேரு."

"ஒருத்தர்தான் தீவுக்கு வந்தாரு. மிச்சம் பத்துப் பேரு எங்க?"

மாமா புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் உதடு துடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நோட்டை வாங்கி எதையோ அடித்துவிட்டு எழுதினார். "மிச்சப் பத்துப் பேரும் பக்கத்துத் தீவுல ஒதுங்கிட்டாக. அங்க சத்திரம் இருக்கு. மூணு வேளையும் சோறு."

"அவுகளுக்கு இவரு இங்க இருக்கறது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா கதை முடிஞ்சு போகும்ல."

"இவரோட அம்மாவுக்கு?"

அதற்கும் ஒன்று எழுதினார். அலையில் ஒரு பாட்டில் மிதந்துபோய் அம்மாவிடம் சேர்ந்துவிடுகிறது, மகன் நல்லா இருக்கிறான் என்று சேதியோடு. இப்படி என் பொருட்டு அந்தக் கதையில் சாவு, காயம், காய்ச்சல், பட்டினி என்று ஒவ்வொன்றாக அடிபட்டது. கடைசியில் கப்பல் உடைந்ததைத் தவிரக் கெட்டது எதுவும் நடக்காத கதையாகிவிட்டது. "கப்பலாச்சும் உடையட்டும் தாயி, அதையும் வேணாம்னுராத" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

தீவில் என்ன சாப்பிட்டார் என்பதில் மற்றப் பிள்ளைகளுக்குத்தான் சண்டை. வெறும் பழத்தையும் மீனையும் தின்று ஒருவன் வருஷக்கணக்கில் இருக்க முடியும் என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வேண்டும் என்றார்கள். அதனால் கப்பலிலிருந்து ஒதுங்கிய பெட்டியில் ஒட்டியிருந்த விதை முளைத்துத் தீவெல்லாம் தக்காளி காய்ப்பதாக மாமா எழுதினார். எழுதிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம், எதற்கென்று தெரியாமல்.

ஆடு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தீவில் அவருக்குத் துணையாக ஓர் ஆடு உண்டு. விருந்துக்கு அப்பா மூன்று கிடாய் வாங்கிக் கட்டியிருந்தார். நடிக்கிற ஆட்டை நாடகத்துக்கு முன்னால் அறுக்க முடியாது, நாடகமோ சமையல் முடிந்த பிறகுதான் என்று நான் கணக்குப் போட்டு ஓர் ஆட்டுக்கு வேஷம் வாங்கிக்கொடுத்தேன். அன்றைக்குக் கடைசிப் பந்தியில் கறி பற்றாமல் போனதற்கு யார் யாரையோ திட்டினார்கள். இவ்வளவு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

காதுகுத்து நாள். காலையிலேயே தம்பிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. பந்தலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அப்பா வாசலில் நின்று வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கண் தெருமுனையில். அம்மாவின் பெரியப்பா மகன் புது வேட்டி கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

கொட்டுச் சத்தம் கேட்டது. ஒரே ஓர் ஆள் அடிக்கிற கொட்டு. பின்னால் மாமா. அவருக்குப் பின்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரும் தலையில் தக்காளிப் பெட்டியோடு வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் துண்டு போட்டு மூடி, மேலே ஒரு செவ்வந்திப் பூ. கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்ப ஓடிப்போய் அடுத்த பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மூன்று நடை. மொத்தம் இருபத்தொன்று. எண்ணிக்கை சரியாக இருந்தது.

ஊர் குனிந்து குனிந்து பார்த்தது. "உள்ள என்ன மாப்ள, வெயிட்டாத் தெரியலையே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கப்பல்" என்றார் மாமா.

சிரிப்பு வெடித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா மாமாவைப் பார்க்காமலே, மனைப்பலகையைக் காலால் நகர்த்திச் சரியாகப் போட்டார். மாமா வந்து உட்கார்ந்தார். தம்பியை மடியில் வைத்தார்கள். ஆசாரி வேலையை முடித்தார். தம்பி போட்ட கூப்பாட்டில் மைக்செட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு நாடகம். மைக்செட்டுக்காரர் தன் மைக் ஒன்றைப் பந்தல் நடுவில் நிற்கவைத்துக் கொடுத்தார். பெட்டிகளை அடுக்கியதில் கப்பல் வந்தது. நீலத் தார்ப்பாயை இரண்டு பக்கமும் நான்கு நான்கு பிள்ளைகள் பிடித்து ஆட்டக் கடல் வந்தது. நான் சமையல் பக்கத்துத் தடுப்புத் துணிக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்தேன். மறந்தால் எடுத்துக்கொடுக்க வேண்டும். பதினோரு பேரும் பத்திரமாக ஒதுங்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது.

ஆரம்பமே கோளாறு. தம்பி மாமாவை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டான். காது வலி அவனுக்கு. வலி கொடுத்த இடத்தைவிட்டு நகர்ந்தால் இன்னும் வலிக்கும் என்று நினைத்தானோ என்னவோ, கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். எனவே எங்கள் கப்பல்காரர் கப்பல் ஏறும்போதே இடுப்பில் மொட்டைத்தலைப் பிள்ளை ஒன்றோடு ஏறினார். புயல் வந்து கப்பல் உடைந்தபோதும் பிள்ளை இடுப்பில். ஆளரவமே இல்லாத தனித்தீவில் ஒதுங்கியபோதும் பிள்ளை இடுப்பில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தனியா வந்தவனுக்குப் பிள்ளை ஏதுப்பா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"கூடவே ஒதுங்கிருச்சுண்ணே" என்றார் மாமா, நோட்டில் இல்லாத வசனம். பந்தல் குலுங்கிற்று.

தக்காளி காய்க்கிற கட்டம் வந்தது. மாமா பந்தலைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்தாடி, எம்புட்டுத் தக்காளி! இந்தத் தீவுல மார்க்கெட்டு இல்ல, கமிஷன் இல்ல, காலையில ஒரு வெல மத்தியானம் ஒரு வெல இல்ல. ஒரு பய வந்து இதைக் கிலோ ஒரு ரூவாய்க்குக் கேக்க மாட்டான்!" அப்போது எழுந்த சிரிப்பு மற்றச் சிரிப்பு மாதிரி இல்லை. பந்தலில் பாதிப் பேர் தக்காளி போட்டவர்கள். ஒருத்தர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இதற்குள் ஆடு தன் கட்டை அவிழ்த்துக்கொண்டு தீவின் ஒரே மரமான வாழைக்கன்றைத் தின்றுவிட்டது. எட்டுப் பேரும் கடலைப் போட்டுவிட்டு ஆட்டைப் பிடிக்க ஓடினார்கள். ஊர் அடித்துப் புரண்டு சிரித்தது. நான் மட்டும் நோட்டில் மிச்சப் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து பக்கம் இருக்கிறதே.

அடுத்த கட்டத்தில் கப்பல்காரர் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துப் பேச வேண்டும். மாமா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மடியில் தம்பி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"கப்பலு போச்சு. சரக்குப் போச்சு. எதை நம்பி வந்தேனோ அதுவும் போச்சு. இனி எந்த மொகத்தோட ஊரு திரும்ப..."

அங்கே நிறுத்திவிட்டார். அடுத்த வரி 'கை இருக்கு, கால் இருக்கு, காடு திருத்துவேன்' என்று நோட்டில் பெரிய எழுத்தில் இருந்தது. நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். சொல்லவில்லை. இன்னொரு தடவை கொடுத்தேன். தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டார், எல்லாம் கெட்டது, ஊர் சிரிக்கப்போகிறது, அப்பா இனிமேல் பேசவே மாட்டார் என்று பதறித் துணியை விலக்கிக்கொண்டு கத்திவிட்டேன். "மாமா! கை இருக்கு, கால் இருக்கு!"

மைக் அதைப் பிடித்து ஊர் முழுக்கச் சொல்லிற்று. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்பா எழுந்தார். வாசலில் இருந்தவர் நேராகத் தார்ப்பாயை மிதித்து நடுக்கடலில் நின்றார்.

"கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்பாக. கையை எடு மாப்ளே" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு மாமாவிடம் அப்பா பேசிய முதல் பேச்சு. மாமா கையை எடுத்தார். அப்பா திரும்பி மொய் மேஜைக்குப் போய், சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து வாத்தியார் முன்னால் வைத்தார்.

"எழுதுங்க வாத்தியாரே. ஐநூத்தியொண்ணு. தனிப் பக்கம் போட்டு எழுதுங்க."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "விசேஷம் ஒங்க வீட்டுது. ஒங்க வீட்டு மொய்யை நீங்களே எழுதுறதா?"

"இது அந்தா உக்காந்திருக்காரே கப்பல்காரரு, அவருக்கு."

"விசேஷம் இல்லாம மொய் எழுத முடியாதப்பா. என்ன விசேஷம்னு போட?"

"கப்பல் கவுந்த விசேஷம்னு போடுங்க."

 வாத்தியார் புதுப் பக்கம் திருப்பி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, நிறுத்தி எழுதினார். மைக்செட்டுக்காரர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "கப்பல் கவுந்த விசேஷத்துக்கு, கப்பல்காரரோட மச்சான் எழுதும் மொய் ரூவாய் ஐநூத்தியொண்ணு!"

அவ்வளவுதான். ஆசாரி எழுந்தார், நூற்றியொன்று. தக்காளி போட்டவர்கள் எழுந்தார்கள். புது வேட்டி கட்டி வந்த பெரியப்பா மகன்கூட எழுந்து போய் ஐம்பத்தொன்று எழுதினார். மேஜையில் எழுதியதோடு நிற்காமல் எல்லாரும் கடலில் இறங்கி நடந்துபோய்த் தீவில் இருந்தவரிடம் துக்கமும் விசாரித்தார்கள். "கூட வந்தவுக பத்திரமா அப்பு?" என்று ஒரு அம்மா கேட்டது. "பக்கத்துச் சத்திரத்துல இருக்காக ஆத்தா" என்று மாமா சொன்னார். எங்கள் ஊரில் ஒரு தனித்தீவை அரைமணி நேரம்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் அங்கே நாற்பது பேர் நின்றார்கள்.

நான் அழுதுகொண்டு ஓடி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, நாடகம்ப்பா அது! நெசக் கப்பல் இல்லப்பா! இன்னும் காப்பாத்த வர்ற கட்டம் இருக்கு!"

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நாடகமா? அடக் கழுத, எனக்குத் தெரியாமப் போச்சே தாயி. எழுதினது எழுதினதுதேன், இனி அடிக்க முடியாது."

அம்மா தார்ப்பாயை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எல்லாரும் செருப்புக் காலோடு மிதித்து அழுக்காக்கிவிட்டதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். கடைசி நான்கு பக்கம் நடக்கவே இல்லை. பந்தி போட்டுவிட்டார்கள்.

அந்தப் பணத்தில் மாமா ஒரு தள்ளுவண்டி வாங்கினார். பிறகு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காய்கறிக் கடை. கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் ஆயிற்று. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஆனால் இந்தக் கதையை விடவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு வெள்ளந்தி என்பதற்கு உதாரணமாக இதைத்தான் சொல்லுவேன். புகுந்த வீட்டுக்குப் போன முதல் வாரமே சொன்னேன். "எங்க ஊர்ல நாடகத்தை நெசம்னு நம்பி மொய் எழுதிட்டாங்க, எங்க அப்பாவே மொத ஆளு!" எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். சின்னப் பிள்ளைகளுக்காகச் சுருக்கியது, மெல்லிசாக, பளபளவென்று. இரண்டு பக்கம் புரட்டியதும் இது எங்கள் கதை என்று தெரிந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் கப்பல் உடைகிறது. நான்காம் பக்கத்தில், அவனைத் தவிர மற்ற எல்லாரும் இறந்துபோனார்கள் என்று ஒரே வரி. சத்திரம் இல்லை. மூன்று வேளைச் சோறு இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மகளோடு வத்தலக்குண்டு பஸ் ஏறி மாமாவின் கடைக்குப் போய்விட்டேன்.

மாமா பார்த்தார். "ஆமா தாயி. அத்தனை பேரும் போயிட்டாக. நீ அழுவியேன்னுதேன் சத்திரம் கட்டினேன்" என்றார்.

மகளுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று நான் அந்த மொய்க் கதையை ஆரம்பித்தேன். தாத்தாவுக்கு நாடகம் எது நிசம் எது என்றுகூடத் தெரியாது என்று வழக்கமான இடத்துக்கு வந்ததும், மாமா கத்தரிக்காய் நிறுப்பதை நிறுத்தினார்.

"ஏந் தாயி, ஒங்கப்பா திருவிழாவுக்குத் திருவிழா விடிய விடிய நாடகம் பாத்தவரு. என்னைக்காச்சும் ராஜா செத்ததுக்குத் துக்கம் கேக்கப் போயிருக்காரா?"

நான் கையிலிருந்த படக்கதைப் புத்தகத்தை மூடினேன்.

"எனக்கு அன்னைக்கு வசனம் மறக்கல தாயி. நீ எடுத்துக் குடுத்தது மூணு தடவையும் கேட்டுச்சு. சும்மா பணத்தை நீட்டியிருந்தா நான் அன்னிக்கே எந்திரிச்சு எங்கிட்டாச்சும் போயிருப்பேன். நோட்டுல ஏத்திட்டாரு பாரு. அது தர்மம் இல்ல, மொறை. திருப்பிச் செய்யற வரைக்கும் நான் உசுரோட இருந்து ஆகணும்ல." தராசில் இன்னும் இரண்டு கத்தரிக்காயைப் போட்டார். "அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அந்தப் பந்தல்ல நாடகம் பாத்தது நீ ஒருத்திதேன்."

கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். மொய் நோட்டிலிருந்து கிழித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். கப்பல் கவிழ்ந்த விசேஷம். கீழே வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சடங்கு, யார் வீட்டுப் பால் காய்ச்சு என்று தேடிப்போய்த் திருப்பிச் செய்துவிட்டார். அப்பாவின் பெயர் மேல் இருக்கும் கோடு என் கல்யாணத்தன்று போட்டது. நான் அன்றைக்கு வேறு பயத்தில் இருந்ததால் கவனிக்கவில்லை.

கடைசிப் பெயருக்கு மட்டும் கோடு இல்லை. மைக்செட்டுக்காரர். எல்லாருடைய மொய்யையும் உரக்கக் கூவிவிட்டு, தன்னுடையதைச் சொல்லும்போது மட்டும் மைக்கை அணைத்துவிட்டு வாத்தியார் காதில் சொன்னவர். அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வீடு கட்டவில்லை, ஒரு விசேஷமும் வைக்கவில்லை. விசேஷம் இல்லாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் உறவை முறித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். "எனக்காகவாச்சும் ஒரு கல்யாணத்தைப் பண்ணித் தொலைய்யா" என்று மாமா பார்க்கும்போதெல்லாம் கெஞ்சுகிறார். "என் கப்பலும் ஒரு நா கவுறட்டும்ணே, அப்பக் குடுங்க" என்று அவர் சிரிக்கிறாராம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. பஸ் ஸ்டாண்டில் கண்டால் நிறுத்தி, உடம்பு எப்படி, வண்டி ஓடுகிறதா, குழாய் ரேடியோவெல்லாம் பத்திரமா என்று ஒன்று விடாமல் விசாரிக்கிறேன். அவர் கப்பல் நன்றாகவே மிதக்கிறது. ஆகவே இன்றைய தேதி வரைக்கும் கப்பல்காரர் கொடுக்க வேண்டிய பாக்கி, ஐம்பத்தொரு ரூபாய்.